ஃபிஃபா 98 இல் நாம் எழுதிய பெயர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு வெளியீட்டில், கணினி விளையாட்டுகள் எமது பிள்ளைகளிடமிருந்து மைதானத்தைப் பறித்துவிட்டன என்று ஒருவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். பின்னேரங்களில் ஒரு பாடசாலையின் 14 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியின் பயிற்சிக்குத் துணைநிற்பவன் என்ற வகையில் அவருடைய கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் திரையில் ஆடப்படும் உதைபந்தாட்டம் முழுவதையும் ஒரே வரியில் தீமையென்று ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உதைபந்தாட்ட உலகம் எவ்வளவு பெரியது என்பதையும் அதில் எமக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் எனக்கும் என் வயதொத்த பலருக்கும் முதலிற் காட்டியது ஒரு கணினி விளையாட்டுத்தான். 1997 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஃபிஃபா: ரோட் டூ வேர்ல்ட் கப் 98’ என்ற அந்த விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடந்தருமாறு வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகையிடம் கேட்பதற்கு ஒன்றும் என்னிடம் உண்டு. அதைக் கடைசியிற் சொல்கிறேன்.

அது எங்கள் கைக்கு வந்ததைச் சொல்வதற்கு முன், அது வராத காலத்தைச் சொல்லவேண்டும். 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஐந்து வயது. 1994 உலகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் எங்கள் நேரப்படி யூலை 18 அதிகாலை ஒரு மணிக்குத் தொடங்கியது. அப்பா தன் சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்திருந்தார். பெடலைக் கையாற் சுற்றவேண்டும். வேகம் குறைந்தால் வர்ணனையாளரின் குரல் அடங்கிவிடும். மீண்டும் வேகமெடுத்தால் மெல்ல எழுந்து வரும். பிரேசிலும் இத்தாலியும் மேலதிக நேரத்திலும் கோல் இன்றித் தண்ட உதைக்குப் போனபோது, சுற்றும் முறை என்னுடையதாக இருந்தது. இத்தாலியின் பாஜியோ அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலாற் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது என் தோள் உளைந்துகொண்டிருந்தது. அப்போது எனக்கு உலக உதைபந்தாட்டம் என்பது காதால் மட்டும் அறிந்த ஒன்று. பிரேசிலின் ரொமாரியோ எப்படியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 30 இல் போரினால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்துவிட்டு 1996 இல் கொக்குவிலுக்குத் திரும்பினோம். அதே ஆண்டு செப்ரெம்பரில் தோகா நகரில், 1998 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் போட்டிகளில், கட்டார், இந்தியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றுடன் ஒரே குழுவில் இலங்கை அணி ஆடியது. பிலிப்பைன்ஸை வென்றது, இந்தியாவுடன் சமநிலை கண்டது, கட்டாரிடம் தோற்றது. வீட்டுக் கூரைக்கு ஓடு தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு இது எதுவும் தெரியாது. உலகக் கிண்ணத்துக்குப் போகும் பாதையின் தொடக்கம் அப்படி ஒரு மூலையில் இருக்கிறது என்பதே நான் அறியாதது. உலகக் கிண்ணம் என்றால் பிரேசிலும் ஆர்ஜென்ரீனாவும் ஜேர்மனியும் நேரே வந்து ஆடுவது என்றே நினைத்திருந்தேன்.

2002 ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் என் சித்தப்பா கொழும்பிலிருந்து ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினியொன்றைக் கொண்டுவந்தார். முப்பரிமாணப் படங்களுக்கான தனி அட்டை அதில் இல்லை. அதனுடன் உறையில்லாத, மேலே பேனையால் ‘98’ என்று மட்டும் எழுதப்பட்ட ஓர் இறுவட்டும் வந்தது. ஐந்தாண்டு பிந்தி, பிரதியின் பிரதியாக அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த விதம் அது.

அதன் இடத்தை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தியவற்றையும் ஒருமுறை பார்க்கவேண்டும். 1989 இல் வந்த ‘கிக் ஓஃப்’, பந்து காலில் ஒட்டிக்கொள்ளாமல் தனியே உருளும்படி செய்து பெயர் பெற்றது. 1992 இன் ‘சென்சிபிள் சொக்கர்’, மைதானத்தை மேலிருந்து காட்டி எறும்பளவு வீரர்களை ஓடவிட்டது. கனடாவில் உருவான முதலாவது ‘ஃபிஃபா’ 1993 இறுதியில் வந்தபோது மைதானத்தைச் சாய்கோணத்தில், பார்வையாளர் மேடையின் மூலையிலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியது. வீரர்கள் முப்பரிமாண உருவம் பெற்றது ஃபிஃபா 97 இல். அதற்கடுத்த ஆண்டு வந்ததே நான் சொல்லும் விளையாட்டு. இவற்றில் எதையும் நாங்கள் அவை வந்த காலத்தில் ஆடியவர்கள் அல்லர். எங்களுக்கு 98 தான் முதலாவது.

அதில் 172 தேசிய அணிகள் இருந்தன. 11 நாடுகளின் லீக் போட்டிகளும் 189 கழகங்களும் இருந்தன. 16 விளையாட்டரங்குகள் இருந்தன. ஆனால் இந்த எண்ணிக்கைகளைவிட முக்கியமானது, அதன் பெயரிலேயே இருந்த அந்தப் பாதை. பிரான்ஸில் நடக்கவிருந்த, முதன்முறையாக 32 அணிகள் ஆடவிருந்த அந்த உலகக் கிண்ணத்துக்குள் அநேகமாக எந்த அணியும் சும்மா நுழைய முடியாது. அநேகமாக எந்த நாட்டைத் தெரிந்தாலும் அதன் கண்டத்தின் தகுதிகாண் சுற்றிலிருந்தே தொடங்கவேண்டும். ஆசியாவிலோ உண்மையில் முதற் சுற்றில் பத்துக் குழுக்கள். அவற்றில் முதலிடம் பெறும் பத்து அணிகள் ஐந்தைந்தாகப் பிரிந்து இரண்டாம் சுற்று. அதில் முதலிடம் பெறும் இரண்டு அணிகள் நேரே பிரான்ஸுக்கு. இரண்டாமிடம் பெற்ற இரண்டும் மோதி வெல்பவர் மூன்றாவது. தோற்றவர் ஓசியானியாவின் வெற்றியாளரோடு மோதி வென்றால் நான்காவது. யப்பான் 1997 நொவெம்பரில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஈரானை 3–2 என வென்று தன் வரலாற்றில் முதற்றடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போனதும், தோற்ற ஈரான் அவுஸ்திரேலியாவுடன் இரண்டு ஆட்டங்களையும் சமன்செய்து, எதிரணி மண்ணில் அடித்த கோல்களின் கணக்கால் தகுதிபெற்றதும் அப்படித்தான். ஈரானுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் இவ்வளவு பெரிய கதை நடந்திருக்கிறது என்பதை நான் விளையாட்டில் முட்டி மோதித்தான் அறிந்தேன். பிறகுதான் பழைய சஞ்சிகைகளைத் தேடி வாசித்தேன்.

ஆசிய அணிகளின் பட்டியலில் இலங்கையும் இருந்தது. அதைக் கண்ட பின்னேரத்தை நான் மறக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர் கணினியைச் சுற்றி இருந்தோம். அந்த அணியை எடுப்பதா விடுவதா என்பதில் எங்களுக்குள்ளே உண்மையான வாக்குவாதம் வந்தது. நாங்கள் வளர்ந்த காலத்தை அறிந்த எவருக்கும் அந்தத் தயக்கம் விளங்கும். அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. வழி திறந்தது விளையாட்டின் இன்னொரு வசதியால். வீரர்களின் பெயரையும் தோற்றத்தையும் நாமே மாற்றி எழுதலாம். அப்படியானால் பதினொரு பேரையும் எங்கள் ஆட்களாக மாற்றுவோம் என்று ஒருவன் சொன்னான். அத்தோடு வாக்குவாதம் முடிந்தது.

யாருடைய பெயர்களை எழுதுவது? இங்கேதான் தங்கள் பத்திரிகை வருகிறது. அப்பா அதில் வரும் உள்ளூர் உதைபந்தாட்டச் செய்திகளை வெட்டி ஒரு பழைய கொப்பியில் ஒட்டி வைத்திருப்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் இன்றிப் பாடசாலைக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் அச்சான பக்கங்களும் அவற்றில் இருந்தன. நீலக் கோடுகளுக்கு மேலே கறுப்பு எழுத்தில், நாவாந்துறை சென்.மேரிஸுக்கும் குருநகர் பாடும்மீனுக்கும் நடந்த ஆட்டத்தில் எத்தனையாவது நிமிடத்தில் யார் கோல் அடித்தார் என்று இருக்கும். இளவாலை யங்ஹென்றிஸ், மயிலங்காடு ஞானமுருகன், வதிரி டயமன்ஸ் ஆகிய கழகங்களின் செய்திகளும் உண்டு. அந்தக் கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு கழகத்திலிருந்தும் யாரை எடுப்பது என்று இரண்டு பின்னேரங்கள் இருந்து தெரிந்தோம். கோல் காப்பாளர் நாவாந்துறையிலிருந்துதான் என்பதில் மட்டும் எவருக்கும் மறுப்பிருக்கவில்லை. நடுக்களத்துக்கு இளவாலையா மயிலங்காடா என்பதில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கக் கதையாமல் இருந்தார்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கலாம். அதுவும் குறிப்பிட்ட அளவு எழுத்துக்குள். எங்கள் பெயர்கள் அந்தப் பெட்டிக்குள் அடங்குபவை அல்ல. ‘நாதன்’ என்றோ ‘ராசா’ என்றோ முடியும் பெயர்கள் இடையில் அறுந்து நின்றன. எந்த உயிரெழுத்தை விட்டால் வாசிப்பவருக்கு ஆளை அடையாளம் தெரியும் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சுருக்கினோம். மைதானத்தில் அவர்களை அழைக்கும் செல்லப் பெயரைப் போட்டால் சுலபம் என்று நான் சொன்னதை மற்றவர்கள் ஏற்கவில்லை. பத்திரிகையில் வந்த பெயரே வரவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

சில கிழமைகளில் இந்தச் செய்தி ஊரிற் பரவிவிட்டது. எங்கள் நண்பன் ஒருவனின் உறவினர், அந்தப் பதினொருவரில் ஒருவர், ஒரு நாள் பின்னேரம் வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதை நெருங்கியிருக்கும், ஆடுவதை விட்டுவிட்டார், கடற்றொழில். கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து நின்று, அணிவரிசையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “தம்பியவை, பேர் சரி. ஆனால் என்னை ஏன் வலப்பக்கத்திலை விட்டிருக்கிறியள்? நான் இடக்கால் ஆட்டக்காரன் எல்லே” என்றார். உடனே அவரை இடப்பக்கம் மாற்றினோம். அவர் நின்றபடியே ஒரு பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பந்தை ஏன் இவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள், விளிம்பில் ஆள் தனியே நிற்கிறது தெரியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் இன்று பிள்ளைகளுக்கு மைதானத்தில் நின்று சொல்லும் சொல்லும் அதுவே.

இந்த விளையாட்டு மைதானத்தைப் பறித்தது என்று நான் ஒத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்குமேல் எங்களுக்குக் கணினி கிடைக்கவில்லை. அதில் ஆடியதை அடுத்த நாள் வெளியில் போய்ச் செய்து பார்த்தோம். எதிரணிக் காவலர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தைப் பெறக்கூடாது என்ற ‘ஓஃப்சைட்’ விதியை எனக்குத் திருத்தமாகக் கற்பித்தது அந்த விளையாட்டே. அதற்கு முந்திய ஃபிஃபா விளையாட்டுகளில் அந்த விதி பிழையாகவே இருந்தது. ஆட்டத்தில் சம்பந்தப்படாமல் சும்மா நிற்பவருக்கும், பந்து பின்னோக்கிக் கொடுக்கப்பட்டாலும், கொடி உயரும். 98 இல் தான் அது சரியாக வந்தது. பந்து காலைவிட்டுப் புறப்படும் அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார் என்பதே கணக்கு என்பதை, மத்தியஸ்தரோடு சண்டை பிடிக்காமலே, திரும்பத் திரும்பப் பார்த்து அறிந்தோம். நான்கு சுவர்களுக்குள் ஐவருக்கு ஐவர் ஆடும் உள்ளரங்க ஆட்டமும் அதில் இருந்தது. சுவரில் பந்தை மோதவிட்டுத் தானே திரும்ப எடுத்துப் போகலாம். அதை எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒழுங்கையில் இரண்டு பக்க மதிலுக்கும் நடுவில் ஆடி வளர்ந்தவர்களுக்கு மதிலும் ஓர் ஆட்டக்காரன்.

வர்ணனை ஜோன் மொற்சனுடையது. துணைக்கு அண்டி கிறே. பி.பி.சி.யில் பல பத்தாண்டுகள் ஒலித்த மொற்சனின் குரல் 2023 பெப்ரவரியில் ஓய்ந்துவிட்டது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டே ஆபத்து வருகிறதா இல்லையா என்று அறியலாம். ஆனால் நாங்கள் எழுதிய பெயர்களை அவரால் உச்சரிக்க முடியாது. ஆகவே ஒலியைக் குறைத்துவிட்டு எங்களில் ஒருவன் தமிழில் வர்ணனை சொல்வான். துரையப்பா விளையாட்டரங்கிலும் கழக மைதானங்களிலும் ஒலிபெருக்கியில் கேட்கும் அதே பாணி. “பந்து இப்பொழுது இடது புறமாக…” என்று இழுத்து, கோல் விழுந்தவுடன் அடித்தவரின் பெயர், கழகம், ஊர் மூன்றையும் சொல்வான். யப்பானுக்கு எதிரான ஆட்டத்திலும் அப்படியே சொன்னான்.

அந்த ஆட்டம் இரண்டாம் சுற்றில் வந்தது. அக்காலத்தில் குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. சுன்னாகத்தில் டீசலில் இயங்கிய மின்பிறப்பாக்கிகளே எமக்கு எல்லாம். பின்னேரம் எல்லா வீடுகளிலும் விளக்கெரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரியும். முதலில் குழல்விளக்கு நடுங்கும். பிறகு கணினித் திரையின் படம் நான்கு பக்கமும் உள்ளே சுருங்கி, ஓரத்தில் விரலகலக் கறுப்புச் சட்டம் விழும். அது வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் மின்சாரம் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். யப்பானை 2–1 என முந்தியிருந்தோம். 80 ஆவது நிமிடம் கடந்துவிட்டது. சட்டம் விழத் தொடங்கியது. ஆட்டம் முடிந்தால்தான் முடிவைச் சேமிக்கலாம். ஒருவரும் மூச்சு விடவில்லை. வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவனும் நிறுத்திவிட்டான். பந்தை எப்படியாவது மூலைக்கொடியருகே கொண்டுபோய் வைத்திருக்கப் பார்த்தேன். 87 ஆவது நிமிடத்தில் எல்லாம் இருண்டது. தெருவில் ஒரு வீட்டு ஜெனரேற்றர் இயங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஆட்டத்தை மறுநாள் மீண்டும் ஆடித் தோற்றோம். பிறகு முழுப் பாதையையும் முதலிலிருந்து ஆடினோம். ஆறு மாதத்தில் எத்தனை முறை என்று எண்ணவில்லை. விசைப்பலகையில் பந்தைக் கொடுக்கும் விசையின் எழுத்து முற்றாக அழிந்து, வெறும் வெள்ளைக் கட்டையாகிவிட்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை முற்பகல், மின்சாரம் நிதானமாக இருந்த நேரத்தில், எங்கள் பதினொருவர் பிரான்ஸுக்குத் தகுதிபெற்றனர். அங்கே முதற் சுற்றிலேயே வெளியேறினோம். அது எங்களுக்குக் கவலையாக இருக்கவில்லை.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஓடும்போது வீரர்களின் பாதம் புல்லில் படாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். முகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பந்தின் நடத்தையில், அதே காலத்தில் யப்பானின் கொனாமி நிறுவனம் செய்துவந்த விளையாட்டுகள் மேலானவை என்பது என் எண்ணம். அவற்றைப் பிற்காலத்தில் ஆடியபோது முதல் நாளிலேயே அதை உணர்ந்தேன். ஓர் உதையின் பாரத்தை விரலில் உணரச்செய்வதில் ஃபிஃபா 98 பின்தங்கியிருந்தது. தொடக்கத்தில் ஒலித்த பிளர் என்ற ஆங்கில இசைக்குழுவின் பாட்டைப் பலர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன்: உலகின் மிகச் சிறிய அணியையும் மிகப் பெரிய அணியையும் ஒரே பாதையின் இரு முனைகளில் நிறுத்தி, நடந்து வா என்று விட்டதில் அதற்கு இணையாக நான் ஒன்றைக் காணவில்லை.

இன்றைய நிலையோடு ஒப்பிடுகையில் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஃபிஃபா எனப்படும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் இந்த விளையாட்டுகளை வெளியிடும் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த உடன்பாடு முடிவுக்கு வருகிறது என்று 2022 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஃபிஃபா 23 அந்தப் பெயரில் அந்நிறுவனம் வெளியிட்ட கடைசி விளையாட்டு. 2023 செப்ரெம்பரிலிருந்து பெயர் வேறு. பெயர் போனதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் இல்லை. அதற்கு வெகு முன்பே அந்தப் பாதை போய்விட்டது. என் அக்காவின் மகன் இப்போதைய விளையாட்டில் நாடுகளின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “மாமா, எங்கடை நாடு எங்கை?” என்று கேட்டான். இல்லை. 172 ஆக இருந்த பட்டியல் சில பத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த இடத்துக்கு வந்திருப்பது வீரர்களின் படம் பொறித்த அட்டைகள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமலே காசு கொடுத்து அட்டைப் பொதியை வாங்கவேண்டும். இது சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் முடிவுசெய்ததையடுத்து, அங்கு அந்த விற்பனையை நிறுவனம் 2019 இல் நிறுத்தியது. தங்கள் கட்டுரையாளரின் கோபம் இந்த அட்டை வியாபாரத்தின் பக்கம் திரும்பியிருக்குமாயின் நான் முதல் ஆளாக அவர் பக்கம் நின்றிருப்பேன். கைத்தொலைபேசியில் பெற்றோரின் காசைக் கரைக்கும் பிள்ளைகளை நானும் அறிவேன். அதற்கும், ஒரு கொப்பியைப் பார்த்துப் பதினொரு பெயர்களை எழுத்துக் கூட்டி அடித்ததற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறியவேண்டும் என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன்.

உண்மையான ஆட்டத்தில் இலங்கை அணியின் நிலையும் அறிந்ததே. 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாத இறுதியில் அந்தத் தடை நீங்கியது. ஒக்ரோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதற் சுற்றிலேயே யேமனிடம் தோற்று அணி வெளியேறியது. அந்த இரு ஆட்டங்களையும் நான் பார்த்தேன். கொழும்பில் நடந்த இரண்டாவது ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தபோது, 1996 இல் தோகாவில் நடந்ததை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்ற பழைய குறை மீண்டும் வந்தது.

இனி அந்தப் பதினொரு பெயர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. ஊரடங்கு நாட்களில் அந்தக் கணினிதான் எங்களுக்குத் துணை. ஆனால் ஐந்து பேர் கூடுவது நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு கணினி பழுதானது. திருத்தக் கொடுத்த இடத்தில், எங்களை ஒரு வார்த்தை கேளாமல், வன்தட்டை முழுவதுமாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இயக்கியபோது விளையாட்டு இல்லை, அணி இல்லை, தகுதிபெற்ற அந்தச் சனிக்கிழமையும் இல்லை. இறுவட்டு இன்னும் என்னிடம் உண்டு, மேற்பூச்சு உரிந்துவிட்டது, இன்றைய கணினிகளில் இட்டால் இயங்குவதுமில்லை. வீரர்கள், கழகங்கள், பாட்டுகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட விளையாட்டு என்பதால் அதைப் பழைய உருவிலேயே மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவருவதும் இலகுவல்ல. அப்பாவின் கொப்பி அதற்கும் முன்பே, ஒரு மாரியில் கூரை ஒழுகியபோது, நனைந்து ஒட்டிப் போய்விட்டது. கோடிட்ட தாளில் இருந்த மை ஊறி ஒரே நீலமாகிவிட்டது.

அந்தப் பதினொருவரில் இருவர் இப்போது உயிருடன் இல்லை. நால்வர் வெளிநாட்டில். இடக்கால் ஆட்டக்காரர் இன்றும் ஊரில் இருக்கிறார்; அண்மையில் கண்டபோது, “அந்தக் கணினியிலை என்ரை பேர் இருக்குதோ?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. மற்றவர்களில் மூன்று பேரின் பெயரை நாங்கள் ஐந்து பேரும் தொலைபேசியில் கதைத்து, எவ்வளவோ யோசித்தும், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடுக்களத்தில் இளவாலைக்காரரைப் போட்டோமா மயிலங்காட்டுக்காரரைப் போட்டோமா என்ற பழைய வழக்கும் தீரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. தங்கள் பத்திரிகையின் பழைய பிரதிகளில், குறிப்பாகத் தொண்ணூறுகளில் வெளிவந்தவற்றில், உள்ளூர் உதைபந்தாட்டச் செய்திகள் இன்னும் இருக்கும். கிழமைக்கு ஒரு முறை, விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில், அன்றைய ஓர் ஆட்டத்தின் செய்தியை இரு அணிகளின் வீரர் பெயர்களோடு அப்படியே மறுபிரசுரம் செய்ய இயலுமா? பெரிய இடம் வேண்டாம். இருபது வரி போதும். அந்தப் பெயர்களைச் சேர்த்து ஒழுங்காகத் தட்டெழுதி வைக்கும் வேலையை நானும் என் நண்பர்களும் செய்யத் தயாராக இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இன்று மென்பொருள் எழுதும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஃபிஃபா 98 போல் பெரிதாக ஒன்றைச் செய்ய முடியாவிட்டாலும், இளவாலையும் நாவாந்துறையும் வதிரியும் தங்கள் உண்மையான வீரர்களோடு தமிழ் எழுத்திலேயே தோன்றும் சிறியதோர் ஆட்டத்தை அவர்களாற் செய்ய முடியும். அதற்குப் பெயர்கள் முதலில் வேண்டும். எழுத்து எல்லை வைக்காமல், பத்திரிகையில் வந்தபடி முழுப் பெயராகவே வேண்டும்.

முதலாவதாக, 1994 ஆம் ஆண்டு நாவாந்துறை சென்.மேரிஸும் குருநகர் பாடும்மீனும் மோதிய ஆட்டமொன்றின் செய்தி கிடைக்குமா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் கொப்பியில் முதற் பக்கத்தில் ஒட்டியிருந்தது அது.

இங்ஙனம்,
கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்